மரக் கப்பல் மாதிரி: செதுக்குவதா, சட்டத்தின் மேல் பலகை ஒட்டுவதா, வங்கு வங்காகக் கட்டுவதா?

மரத்தில் கப்பல் மாதிரி செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது “எந்தக் கப்பலைச் செய்யலாம்?” என்றுதான். அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கப்பலின் உடலை எந்த முறையில் கட்டப்போகிறோம்? பாய்மரம், கயிறு, பீரங்கி, நங்கூரம் எல்லாம் எந்த முறையிலும் ஏறத்தாழ ஒரே வேலை. மரச் செலவும், கருவிகளும், கையிருப்புப் பொறுமையும் உடலை வைத்தே மாறுகின்றன.

வழிகள் மூன்று. மரக்கட்டையைச் செதுக்கி உடலை எடுப்பது முதல் வழி. நீளவாக்கில் ஒரு பிளைவுட் முதுகெலும்பு, அதில் குறுக்காகச் செருகிய சட்டங்கள், மேலே மெல்லிய பலகைக் கீற்றுகள் என்பது இரண்டாவது. கிட் (பாகங்கள் தயாராக வரும் பெட்டி) வாங்கினால் பெரும்பாலும் இதுதான் வரும். நிஜக் கப்பல் போலவே ஏரா மரம் (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) போட்டு, வங்குகளை (விலா எலும்பு போல வளைந்த சட்டங்களை) ஒவ்வொன்றாகச் செய்து நிறுத்துவது மூன்றாவது.

செதுக்கும் முறையைப் பலர் பழைய காலத்து வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே கட்டையில் செதுக்குவது கடினம், உண்மை. ஆனால் அடுக்கு முறை அப்படியல்ல. வரைபடத்தில் நீர்மட்டக் கோடுகள் இருக்கும்; வெவ்வேறு உயரங்களில் உடலைக் கிடையாக வெட்டினால் தெரியும் வடிவங்கள் அவை. இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள உயரத்துக்குச் சரியான தடிமனில் பலகை எடுத்து, ஒவ்வொரு கோட்டின் வடிவத்திலும் ஒரு பலகையை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் படிக்கட்டு போன்ற ஓர் உருவம் கிடைக்கும். பிறகு படிகளை மட்டும் உளியாலும் அரத்தாலும் கரைக்க வேண்டும். படியின் உள்மூலை மறைகிற இடத்தில் கையை நிறுத்த வேண்டும்; அதுதான் கப்பலின் மேற்பரப்பு. அட்டையில் வெட்டிய குறுக்கு வடிவங்களை அவ்வப்போது வைத்துப் பார்த்தால் இடதுபக்கமும் வலதுபக்கமும் ஒன்றுக்கொன்று வேறுபடாது. நடுவில் உள்ள அடுக்குகளை ஒட்டுவதற்கு முன்பே உள்ளே குடைந்துவிட்டால் எடை குறையும், மரம் வெடிக்கிற வாய்ப்பும் குறையும்.

பெயின்ட் அடிக்கப்போகிற கப்பலுக்கு, குறிப்பாக 1:200 (நிஜத்தில் இருநூறில் ஒரு பங்கு) போன்ற சிறிய அளவுக்கு, இதைவிட நல்ல வழி இல்லை. அந்த அளவில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள கோடு கண்ணுக்கே தெரியக் கூடாது. ஆனால் பலகைகள் வரிசையாக ஓடி முன்னால் கூடுகிற அழகைக் காட்ட வேண்டும் என்றால் இந்த முறை உதவாது. மேலே கோடு கீறிக் காட்டலாம். அது எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை.

அந்த அழகுக்குத்தான் இரண்டாவது முறை. இதன் வெற்றி தோல்வி முழுக்க, பலகை ஒட்டுவதற்கு முன் நடக்கும் இழைப்பு வேலையில் இருக்கிறது. குறுக்குச் சட்டங்களின் விளிம்பு நேராக வெட்டப்பட்டிருக்கும். பலகையோ முன்பக்கத்தில் சாய்வாக வந்து உட்கார வேண்டும். ஒரு கீற்றை எடுத்து மூன்று நான்கு சட்டங்களின் மேல் கையால் அழுத்திப் பாருங்கள். விளிம்பின் முழு அகலத்திலும் படிகிறதா, ஒரு முனையில் மட்டும் தொடுகிறதா? முனையில் மட்டும் தொட்டால் உப்புத்தாள் சுற்றிய நீளக் கட்டையால் மேலும் சாய்க்க வேண்டும். அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) முதல் இரண்டு சட்டங்களுக்கு இடையே பால்சா கட்டைகளை ஒட்டி வடிவம் கொடுத்துவிட்டால் கீற்றுகளுக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும்.

அடுத்து, கீற்றுகளைக் குறுக்கும் கணக்கு. நடுச் சட்டத்தில் மேல்தளத்திலிருந்து ஏரா வரை விளிம்பை ஒட்டி அளந்தால் 100 மிமீ என்று வையுங்கள். கீற்றின் அகலம் 5 மிமீ என்றால் 20 கீற்றுகள். அதே 20 கீற்றுகளும் அணியத்தில் போய் முடிய வேண்டும். அங்கே அளவு 60 மிமீ என்றால் ஒவ்வொன்றும் 3 மிமீ ஆகக் குறுக வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே எதையும் குறுக்காதீர்கள் என்பது பழைய விதி. நிஜக் கப்பலில் அந்த நுனியில் ஆணி நிற்காது. அதற்கும் கீழே போக வேண்டி வந்தால் ஒரு கீற்றை அங்கேயே முடித்து, பக்கத்துக் கீற்றை அகலமாக்கிக் கொள்ள வேண்டும். பின்பக்கத்தில் நிலைமை தலைகீழ். அங்கே 120 மிமீ இருந்தால் 20 மிமீ குறையும். அந்த இடைவெளியில் ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருக வேண்டும். ஒரு கீற்று இடது பக்கம், அடுத்தது வலது பக்கம் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளாது.

கீற்றை அதன் தட்டையான பக்கத்தில் வளைப்பது சுலபம். நனைத்துச் சூடு காட்டினால் போதும். அகலவாக்கில் வளைக்க முயன்றால் ஒரு விளிம்பு தூக்கிக்கொள்ளும். எவ்வளவு அழுத்தினாலும் பசை காய்ந்தபின் அந்த இடம் மேடாகவே நிற்கும். அத்தகைய இடங்களில் அகலமான தகட்டிலிருந்து வளைந்த வடிவத்திலேயே பலகையை வெட்டி எடுப்பதுதான் சரி.

இதற்குள்ளேயே இன்னொரு தேர்வு: ஒரு படலமா, இரண்டா? இரட்டைப் படலத்தில் அடியில் 1.5 அல்லது 2 மிமீ தடிமனுள்ள லைம் (எலுமிச்சை அல்ல, லிண்டன்) போன்ற மரம், மேலே 1 மிமீக்கும் குறைவான வால்நட் அல்லது பேரி மரம். அடிப்படலத்தின் பள்ளங்களைப் புட்டி வைத்துத் தேய்த்து மறைத்துவிடலாம். முதல் கப்பலுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஒற்றைப் படலம் அழகு, ஆனால் மன்னிக்காது.

மூன்றாவது முறை வேறு உலகம். வளைந்த வங்கை ஒரே பலகையில் வெட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தால் போதும், அதன் தர்க்கம் புரிந்துவிடும். வளைவின் நடுவில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடும். நுனிக்கு வரும்போது குறுக்காக வெட்டுப்பட்டுவிடும். லேசாகத் தட்டினால் அங்கே பட்டென்று ஒடியும். அதனால்தான் வங்கைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டிலும் ரேகை வளைவோடு போகும்படி வெட்டி, இரண்டு வரிசையாக ஒட்டுகிறார்கள். ஒரு வரிசையின் மூட்டு அடுத்த வரிசைத் துண்டின் நடுவில் விழ வேண்டும். நிஜக் கப்பல் தச்சர்களும் இதே காரணத்துக்காக இயற்கையாகவே வளைந்த மரங்களைத் தேடினார்கள்.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக் கடற்படைக்காகச் செய்யப்பட்ட மாதிரிகளில் அடிப்பகுதிக்குப் பலகையே போடாமல் வங்குகளைத் திறந்து விட்டிருப்பார்கள். இந்த முறையில் செய்கிறவர்கள் இன்றும் ஒரு பக்கத்தையாவது அப்படி விடுவது வழக்கம். எல்லாவற்றையும் மூடப்போகிறோம் என்றால் இத்தனை உழைப்பு எதற்கு? வங்குகளை நேராக நிறுத்துவதுதான் பெரிய பாடு. அமெரிக்கரான ஹெரால்டு ஹான் பரப்பிய வழி இதற்கு நன்றாகக் கைகொடுக்கிறது: வங்குகளின் மேல்நுனிகளை நீட்டி விட்டு, கப்பலைத் தலைகீழாக ஒரு பலகையில் பொருத்திக் கட்டி, பிறகு மிச்சத்தை வெட்டுவது. மரம் நிறைய வீணாகும். வட்ட ரம்பமும் பலகையைச் சீரான தடிமனுக்குக் கொண்டுவரும் இயந்திரமும் இல்லாமல் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரத்தில், ரேகை நுணுக்கமாக இருப்பதே முக்கியம். நிஜக் கப்பல் ஓக்கில் கட்டியது என்பதற்காக மாதிரிக்கும் ஓக் போடாதீர்கள். 1:64-இல் அதன் துளைகள் பெரிய வெடிப்புகளாகத் தெரியும். பேரி மரம் இந்த வேலைக்கு அருமை. பசையில் வெள்ளை மரப்பசையே என் தேர்வு. சூப்பர் குளூ நொடியில் பிடிக்கும், ஆனால் கசிந்த இடத்தில் வெண்படலம் விடும், பின்னர் எண்ணெய் பூசினால் அந்த இடம் மட்டும் குடிக்காது.

அளவைப் பொறுத்தவரை, 1765-இல் நீரில் இறக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டரியின் நீளம் சுமார் 69 மீட்டர். 1:100-இல் அது 69 செமீ. 1:48-இல் ஏறத்தாழ 1.44 மீட்டர், பாய்மரக் கம்பங்களின் நீட்சி தனி. அதன் பருத்த அணியம் பலகை ஒட்டுவோருக்குப் பெரிய சோதனை. கூர்மையான முன்பக்கமுள்ள ஸ்கூனர் போன்ற சிறு கப்பலில் தொடங்கினால் இரண்டாவது முறை எளிதாகக் கைக்கு வரும்.

கிட் இல்லாமல் பழைய வரைபடத்திலிருந்து செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படை வரைபடங்களில் உடலின் கோடுகள் வங்குகளின் வெளி விளிம்பைக் காட்டுகின்றன. பலகையின் தடிமன் அதில் சேராது. மூன்றாவது முறைக்கு அப்படியே பயன்படுத்தலாம். இரண்டாவது முறையில், ஒட்டப்போகும் படலங்களின் மொத்தத் தடிமன், அளவு விகிதப்படி வர வேண்டிய பலகைத் தடிமனைவிட அதிகமானால் அந்த வித்தியாசத்தைச் சட்டங்களில் கழிக்க வேண்டும். பலகை ஒட்டாமல் செதுக்கி நிறுத்துகிறவர்கள் கூட்ட வேண்டும்: நிஜத்தில் 10 செமீ தடிமனுள்ள பலகைக்கு 1:96-இல் பக்கத்துக்கு சுமார் 1 மிமீ.