ஆறு வருடமாகக் கையில் கிடக்கும் வெண்கல வாட்ச்

கட்டாரில் எட்டு வருடம் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பும்போது, சேர்த்த காசில் எனக்கென்று செய்துகொண்ட ஒரே செலவு இந்த வாட்ச்தான். சுவிஸ் கம்பனி டியூடரின் பிளாக் பே பிரான்ஸ் (Bronze, அதாவது வெண்கலம்), 2016இல் வந்த மொடல், 43 மில்லிமீட்டர். என் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் பெரிதுதான். வாங்கிய புதிதில், முன்பு வந்த மஞ்சள் ஐந்து ரூபாய்க் குற்றி மாதிரி மினுங்கியது.

அந்த மினுக்கம் எங்கள் ஊர் மழையில் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. முதலில் தேன் நிறம், அப்புறம் பிளேன்டீ நிறம், இப்போது நன்றாகக் கறுத்த கித்துள் கருப்பட்டி. ஆனால் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. ஜெர்சி கையின் விளிம்பு நாள் முழுக்க உரசும் பக்கம் மட்டும் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது, பட்டி மாட்டும் காதுகளின் உள்பக்கம் கிட்டத்தட்டக் கறுப்பு.

நாம் வீட்டில் பார்க்கும் வெண்கலம் செம்பும் தகரமும் சேர்ந்தது. இதில் தகரத்துக்குப் பதில் அலுமினியம். அது மேலே மெல்லிய படலமாக நின்று காப்பதால் இங்கத்தைய பனிக்கும் ஈரத்துக்கும் பழுப்பாகிறதே தவிர லேசில் பச்சைக் களிம்பு பிடிப்பதில்லை. களிம்புக்கு உப்பு வேண்டும். அதை நிலாவெளியில் தெரிந்துகொண்டேன்: மூன்று நாள் கடலில் குளித்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் காதோரம் பாசி பிடித்த மாதிரிப் பச்சைப் புள்ளிகள்.

கை பச்சையாகாதா என்று பலர் கேட்கிறார்கள். தோலில் படும் பின்மூடி ஸ்டீல், அதனால் ஆகாது. எனக்கு ஒருமுறை ஆனது, அது டவுனில் மலிவாக வாங்கிய பட்டியின் பித்தளைக் கொக்கியால்.

வெண்கல வாட்ச் ஒன்றும் புதுசு இல்லை. பெயர்பெற்ற வாட்ச் வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா 1980களிலேயே செய்துவிட்டார், பரவலாக ஆசை கிளம்பியது 2011இல் பனெராய் கம்பனி 47 மில்லிமீட்டரில் ஆயிரம் வெண்கல வாட்ச் மட்டும் விட்ட பிறகுதான். ஒமேகா 2021இல் 37.5 சதவீதம் தங்கம் கலந்து, களிம்பே பிடிக்காத வெண்கலம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நிறம் லேசில் மாறாது என்றால் அப்புறம் எதற்கு வெண்கலம் என்பது என் கட்சி.

அம்மா எதிர்க்கட்சி. "இவ்வளவு காசக் குடுத்துக் களிம்பு புடிச்சதயா வாங்கிட்டு வந்த?" என்று வந்த வருடமே கேட்டார். போன வருடத்துக்கு முந்தின தீபாவளிக்கு நான் குளித்துவிட்டு வருவதற்குள் குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். காதுகளின் இடுக்கில் ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி நோண்டி எடுத்திருந்தார், அவ்வளவு அக்கறை. நாலு வருடக் கறுப்பு பத்து நிமிடத்தில் போயிற்று. நல்லவேளை, வாட்ச் முகத்தைச் சுற்றியிருக்கும் அலுமினிய வளையத்தில் புளி படவில்லை, பட்டிருந்தால் அதன் பழுப்புச் சாயம் வெளிறியிருக்கலாம். நேரம் மாற்றும் திருகும் இறுக்கி மூடியிருந்ததால் உள்ளே தண்ணீர் போகவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஸ்டீல் வாட்சில் விழுந்த கீறலை இப்படி வீட்டில் வைத்து அழிக்க முடியுமா? இது மறுபடி முதலிலிருந்து கறுக்கத் தொடங்கியது, இரண்டாவது முறை வந்த நிறம் முதலாவதைவிட எனக்குப் பிடித்துமிருக்கிறது.

விற்கும் எண்ணத்தோடு வாங்குகிறவர்கள் ஸ்டீலே எடுங்கள். ஒருவர் கையில் கறுத்ததை இன்னொருவருக்குப் பிடிக்க வேண்டுமே.

போன தீபாவளிக்கு அம்மா புளியை ஊறப்போட்ட உடனேயே வாட்சைக் கட்டிக்கொண்டுதான் குளிக்கப் போனேன். 200 மீட்டர் ஆழம் தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள், எங்கள் வீட்டு வாளித் தண்ணீரையா தாங்காது.