மூன்று நாள் நகராத வண்டி: வாடகை மோட்டார் ஹோம் பற்றிய மதிப்புரை

படுக்கை, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த, நான்கு பேர் உறங்கக்கூடிய மோட்டார் ஹோம் வண்டி ஒன்றைப் 10 நாள் பயணத்துக்காக வாடகைக்கு எடுத்திருந்தோம். நான், மனைவி, 11 வயது மகள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமனார் ஆகியோர் அதில் சென்றோம். நான்காம் நாள் இரவு மகளுக்கு வாந்தி தொடங்கியது. ஆறாம் நாள் காலை எனக்கும் அதே கதி. பார்க்க நினைத்த ஆறு ஊர்களில் இரண்டோடு பயணம் முடிந்துவிட்டது. ஆகவே வண்டியின் ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நோயாளிகளோடு ஒரே முகாமில் மூன்று நாள் நின்றபோது வண்டியும் அதை வாடகைக்குக் கொடுத்த நிறுவனமும் எப்படிக் கைகொடுத்தன, எங்கே கைவிட்டன என்பதையே எழுதுகிறேன்.

முதல் குறை படுக்கை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள பரண் படுக்கையைப் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் மகளும் அப்படித்தான். இரவு இரண்டு மணிக்குக் குமட்டிக்கொண்டு எழுந்த குழந்தை, இருட்டில் ஐந்து படி ஏணியைத் தேடி இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு சாப்பாட்டு மேசையைத் தாழ்த்தி, மெத்தைகளைக் கூட்டி, அவளைக் கீழே படுக்கவைத்தோம். அந்த நொடியிலிருந்து வண்டியில் மேசையே இல்லை. வேளை தவறாமல் உண்ண வேண்டிய மாமனார், பின்பக்கம் திருப்பிவைத்த ஓட்டுநர் இருக்கையில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு மூன்று நாளும் உண்டார். நான்கு பேருக்கு இடமுண்டு என்று விளம்பரத்தில் போடுவது பொய்யில்லை. நால்வரும் நலமாக இருக்கும்வரை அது உண்மை.

வாந்தியோடு தலைவலியும் என்று மகள் சொன்னதும் நான் முதலில் பார்த்தது கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைத்தான். காஸ் ஹீட்டர் எரியும் மூடிய வண்டியில் அந்த மணமற்ற வாயு சேர்ந்தால் தலைவலி, குமட்டல், அசதி என்று சாதாரண நோய் போலவே தொடங்கும். ஆனால் காய்ச்சல் வராது. மகளுக்கு உடம்பு சுட்டது. சோதனைப் பொத்தானை அழுத்தியதும் கருவியும் ஒலித்தது. இருந்தாலும் ஹீட்டரை அணைத்துச் சன்னலைத் திறந்துவிட்டேன். நிறுவனம் அந்தக் கருவியைப் படுக்கைகளுக்கு அருகில் பொருத்தி, மாற்ற வேண்டிய ஆண்டையும் அதன் மேலேயே ஒட்டியிருந்தது. இதற்காக அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

குளிர்பெட்டி விஷயத்தில் அவ்வளவு நிம்மதி இல்லை. மருந்தோடு ஒரு சிறிய வெப்பமானியையும் வைத்திருந்த மாமனார், மறுநாள் காலை, “மாப்பிள்ளை, 11 காட்டுதே” என்றார். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இந்த வண்டியில் இருந்தது காஸிலும் மின்சாரத்திலும் ஓடும், கம்ப்ரஸர் இல்லாத வகை. அதற்குள் அம்மோனியாக் கரைசல் தானாகவே இறங்கி ஓடியாக வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அந்த ஓட்டம் தடைபட்டுக் குளிர்ச்சி குறைந்துவிடும். இரவில் வந்த களைப்பில் நான் மட்டம் பார்க்காமல் நிறுத்தியிருந்தேன், தவறு என்னுடையது. முன்சக்கரங்களை ஆப்புக்கட்டைகள்மேல் ஏற்றி நிறுத்தியபின் மாலைக்குள் 6 டிகிரிக்கு இறங்கிவிட்டது. ஆனால் வண்டியை ஒப்படைத்தபோது தொலைக்காட்சியை இயக்கப் பத்து நிமிடம் கற்றுக்கொடுத்தவர், இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

தொலைபேசியில் பேசிய மருத்துவர், இது வாந்தியும் பேதியும் உண்டாக்கி எளிதில் தொற்றும் நோரோவைரஸாக இருக்கக்கூடும் என்றும், வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பொதுக் குளியலறைக்குப் போக வேண்டாம் என்றும் சொன்னார். சானிடைசரை நம்பாமல் ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவச் சொன்னதால், 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றரை நாளில் காலியானது. கழிவுப் பெட்டி சுமார் 18 லிட்டர் கொள்ளும். அதன் சிவப்பு விளக்கு ஒரே நாளில் எரிந்துவிட்டது. நல்லவேளையாக, வெளியிலிருந்து இழுத்துச் சக்கரத்தில் உருட்டிச் செல்லும் பெட்டி என்பதால், வண்டியை நகர்த்தாமலே மனைவி அதைக் காலி செய்து வந்தார். அடியில் நிலையாகப் பொருத்திய தொட்டியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்போமோ! கழிவறையைத் துடைக்கும் வேகத்தில் ப்ளீச்சை அந்தப் பெட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள். சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை நாங்களே கொண்டுபோயிருந்தோம். வண்டியின் முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணியும் பிளாஸ்திரியும்தான் இருந்தன.

ஒப்பந்தத்தில் ஓட்டுநராக என் பெயர் மட்டுமே இருந்தது. நானும் படுத்துவிட்ட பிறகுதான் அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று உறைத்தது. உதவி எண்ணில் பேசிய ஊழியர், மனைவியின் உரிமத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, ஒரு மணி நேரத்துக்குள் அவரையும் சேர்த்துக் காப்பீட்டுத் தாளை அனுப்பிவைத்தார். மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று மாலையில் அவராகவே அழைத்தும் கேட்டார். எட்டாம் நாள் மனைவி ஓட்டத் திரும்பினோம். ஓடும் வண்டியில் யாரும் படுக்கக் கூடாது என்பதால், பின்னால் கட்டில் இருந்தும் மகள் இருக்கைப் பட்டையோடு உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள்.

இரண்டு நாள் முன்னதாகவே வண்டியை ஒப்படைத்தோம். அந்த நாள்களுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது, நானும் படித்துத்தான் கையெழுத்திட்டிருந்தேன். நோய் என்றால் தேதியை மாற்றித் தரவாவது ஒரு வழி வைத்திருக்கலாம். பரண் மெத்தையைத் துவைப்பதற்கென்று முன்பணத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. இதே நிறுவனத்திடம் மீண்டும் எடுப்பேன். பின்புறம் நிலையான இரண்டு கட்டில்கள் உள்ள வண்டியாகக் கேட்பேன், முதல் நாளே இரண்டு ஓட்டுநர் பெயரையும் எழுதச் சொல்வேன்.