சேனல் போதுமா, சொந்தத் தளமும் வேண்டுமா? சின்ன யூடியூபர்களுக்காக ஓர் அலசல்

ஈரோட்டில் என் அண்ணி தையல் சொல்லித்தரும் யூடியூப் சேனல் நடத்துகிறார். ஆறாயிரத்துச் சொச்சம் சப்ஸ்கிரைபர்கள், வாரம் ஒரு வீடியோ, பெரும்பாலும் பிளவுஸ் கட்டிங். ஒருநாள் ராத்திரி ஒரு வீடியோவுக்கு வந்த கமென்ட்களை இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். 74 கமென்ட். அதில் 31 பேர் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, 38 சைஸுக்கு ஆர்ம்ஹோல் எவ்வளவு வைக்கணும்?" வீடியோவில் அண்ணி வெட்டிக் காட்டியது 36. மார்பளவில் நாலில் ஒரு பங்கு 9 அங்குலம், தையலுக்கும் பின்னால் பிரித்துவிடுவதற்கும் ஒன்றரை அங்குலம் என்று சாக்பீஸால் கோடு போட்டுத்தான் சொல்கிறார். ஆனால் 32, 34, 38, 40 அளவுக்காரர்களுக்கு அவரவர் கணக்கு வேண்டுமே.

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணிக் கை வலிக்குது தம்பி. பட்டியலை ஒரே இடத்துல போட்டு வெச்சா, அதையே காட்டிடலாம்ல?" என்றார் அண்ணி.

வெப்சைட் வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கும் எல்லாச் சின்ன சேனல்களுக்கும் அந்தக் கேள்விதான் சரியான தொடக்கம் என்று நினைக்கிறேன். உங்கள் பார்வையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது எது? அதை வீடியோவில் சொல்ல முடியுமா, எழுத்தில்தான் வைக்க வேண்டுமா?

முதலில் சேனலை மட்டும் வைத்துக்கொள்வதைப் பார்ப்போம். செலவே இல்லை. ஆட்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். வருமானமும் அங்கேதான்: 1,000 சப்ஸ்கிரைபர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை) இருந்தால் விளம்பரப் பங்கு கிடைக்கும். நீள வீடியோக்களில் வரும் விளம்பரத் தொகையில் 55 சதவீதம் படைப்பாளிக்கு. இந்தக் கோட்டை இன்னும் தொடாதவர்கள் வெப்சைட்டில் செலவழிக்கும் ஒவ்வொரு சனி ஞாயிறும் ஒரு வீடியோ குறைகிறது என்றுதான் பொருள். 200 சப்ஸ்கிரைபர் இருக்கும்போது தளம் கட்டாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குறை எங்கே வருகிறது? டிஸ்கிரிப்ஷனில் 5,000 எழுத்து வரை போடலாம்தான். ஆனால் அங்கே கட்டம் போட்ட பட்டியல் வராது, படம் வராது, போனில் அதைத் திறந்து படிப்பவர்களும் குறைவு. ஷார்ட்ஸ் நிலைமை இன்னும் மோசம். 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் டிஸ்கிரிப்ஷனிலும் கமென்ட்டிலும் கொடுக்கும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது. ஸ்பேம் தொல்லைக்காக நிறுத்திவிட்டார்கள். அண்ணிக்குப் புது ஆட்கள் வருவதே ஷார்ட்ஸ் வழியாகத்தான். அவர்களுக்கு வாயால் சொல்ல ஒரு சின்ன முகவரி இருந்தால் போதும், லிங்க்கே தேவையில்லை.

அப்புறம், ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஆபத்து. 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் 59 செயலிகள் தடையானபோது டிக்டாக்கும் போனது. நம் கிராமங்களிலிருந்து பாட்டும் நடனமும் போட்டுப் பேர் வாங்கியிருந்தவர்கள், அங்கே சேர்த்த அத்தனை ஃபாலோயர்களையும் ஒரே வாரத்தில் இழந்தார்கள். "நான் இங்கே இருக்கிறேன், இன்ஸ்டாவுக்கு வாருங்கள்" என்று சொல்லக்கூடப் பலருக்கு நேரம் கிடைக்கவில்லை. தடை வேண்டாம், ஒரு திருட்டே போதும். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற மிகப் பெரிய கனடா சேனலையே ஹேக் செய்து கிரிப்டோ மோசடி நேரலை ஓட்டினார்கள். ஸ்பான்சர் அனுப்பியதுபோல வந்த ஒரு மெயிலின் இணைப்பைத் திறந்ததில் தொடங்கிய வினை. அவர்களுக்குச் சொந்தத் தளம், ஃபோரம், ஆள்பலம் எல்லாம் இருந்தது, சீக்கிரமே மீண்டார்கள். அண்ணியின் சேனலுக்கு அப்படி நடந்தால், "இது நான் இல்லை" என்று எங்கே நின்று சொல்வது?

இதற்குப் பலர் சொல்லும் மாற்று வாட்ஸ்அப் சேனல். தகவல் தர அது நல்லதுதான், அண்ணியும் வைத்திருக்கிறார். ஆனால் அதுவும் இன்னொருவர் வீட்டுத் திண்ணைதான். போன வாரம் போட்ட அளவுப் பட்டியலை மேலே தள்ளித் தள்ளித் தேட வேண்டும். கூகுளில் தேடி வருபவர் கண்ணில் அது படாது. லிங்க்ட்ரீ போன்ற லிங்க் பக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாலு லிங்க்கை ஒன்றாகக் கட்டி வைக்கும், அவ்வளவே.

இனி வெப்சைட். இதில் இரண்டு பாதை: ஹோஸ்டிங் (தளத்தை வைக்க இணையத்தில் வாடகை இடம்) வாங்கி வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளைப் போடுவது, அல்லது பிளாக்கர், கூகுள் சைட்ஸ் போன்ற இலவச இடத்தில் கட்டுவது.

முதல் பாதையில் அண்ணி ஏற்கெனவே ஒருமுறை போய் அடிபட்டவர். மூன்று வருடம் முன்பு ஒரு டிசைனரிடம் 12,000 ரூபாய் கொடுத்தார். முகப்பில் மூன்று படம் மாறி மாறி ஓடும், "எங்களைப் பற்றி" என்று ஒரு பக்கம், கேலரி, அவ்வளவுதான். அளவுப் பட்டியல் இல்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரியை, அந்த டிசைனர் தன் மெயிலில், தன் கணக்கில் பதிவு செய்திருந்தார். அடுத்த வருடம் அவர் நம்பர் மாறிவிட்டது, டொமைன் காலாவதியானது. சில மாதம் கழித்து அந்த முகவரியைத் தட்டினால் ரம்மி விளம்பரம் வந்தது. அண்ணி தன் மாணவிகளுக்குக் கொடுத்த பேட்டர்ன் பேப்பர்களின் ஓரத்தில் அந்த முகவரியை ரப்பர் ஸ்டாம்ப் போட்டிருந்தார். பீரோவில் மிச்சமிருந்த கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளிலும் ஸ்கெட்ச் பேனாவால் அடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அதனால் டொமைனை யார் வாங்கிக் கொடுத்தாலும் சரி, கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். இது மற்ற எல்லாத் தேர்வுகளையும்விட முக்கியம்.

வேர்ட்பிரஸ் நல்ல மென்பொருள். கோர்ஸ் விற்கலாம், பணம் வாங்கலாம், நினைத்தபடி மாற்றலாம். ஆனால் ஹோஸ்டிங்குக்கு வருடா வருடம் சில ஆயிரம் ரூபாய் வேண்டும். முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து வாங்கினால் புதுப்பிக்கும்போது தொகை எகிறும். பிளக்இன்களை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்கள்) அப்டேட் செய்யாமல் விட்டால் பாதுகாப்பில் ஓட்டை விழும். பகலெல்லாம் மெஷின் மிதிக்கிற ஒருவருக்கு இந்தப் பராமரிப்பு எதற்கு?

பிளாக்கர் பழைய பாணிதான், 1999இல் தொடங்கி 2003இல் கூகுள் கைக்கு வந்தது. தோற்றம் சுமார். ஆனால் ஹோஸ்டிங் காசு இல்லை, அப்டேட் வேலை இல்லை, தமிழில் தட்டினால் அப்படியே வரும். சொந்த டொமைனை அதோடு இணைக்க டிஎன்எஸ்ஸில் (முகவரி எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பில்) இரண்டு வரி சேர்த்தால் போதும். அந்த டொமைனுக்கு மட்டும் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் ஆகும்.

இலவச இடம் ஒருநாள் மூடப்படாதா? மூடப்படலாம். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் கடைக்காரர்கள் இலவசமாகக் கட்டிய தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஆனால் டொமைன் உங்களுடையதாக இருந்தால் பதிவுகளைத் தரவிறக்கி வேறு இடத்தில் ஏற்றி, அதே முகவரியை அங்கே திருப்பிவிடலாம். வாடகை வீடு மாறும், கதவு எண் உங்களோடு வரும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் சொந்த டொமைனும் இலவச இடமும் சேர்ந்ததையே நான் சிபாரிசு செய்கிறேன்.

கட்டியபின் அதில் என்ன போடுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். இருக்கும் வீடியோக்களையெல்லாம் வரிசையாக ஒட்டி வைத்தால் யாருக்கும் பயனில்லை. அதற்குத்தான் சேனலே இருக்கிறது. பட்டியல், அளவு, அடிக்கடி வரும் கேள்வி, தரவிறக்கும் பேட்டர்ன் ஆகிய நான்குதான் அண்ணியின் தளத்தில். இதே கணக்கு சமையல், மாடித்தோட்டம், போட்டித்தேர்வு சேனல்களுக்கும் பொருந்தும். காமெடி, பயண விலாக் போடுபவர்களுக்குப் பெயரை மட்டும் வாங்கி, அதைச் சேனலுக்குத் திருப்பிவிட்டாலே போதும். 2018 முதல் தமிழ்ப் பக்கங்களுக்கும் ஆட்சென்ஸ் (தளத்தில் கூகுள் விளம்பரம் போட்டுக் காசு பெறும் வசதி) உண்டு என்றாலும் சின்னத் தளத்தில் அந்தக் காசை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, பெண்கள் நடத்தும் சேனல்களுக்காக அழுத்திச் சொல்ல வேண்டியது. வகுப்பு விசாரிக்க அண்ணி தன் போன் நம்பரை டிஸ்கிரிப்ஷனில் போட்டிருந்தார். ராத்திரி பதினொரு மணிக்கு முகம் தெரியாதவர்களிடமிருந்து வீடியோ கால். இப்போது தளத்தில் ஒரு கூகுள் ஃபார்ம் இருக்கிறது: பெயர், ஊர், எந்த வகுப்பு, எப்போது கூப்பிடலாம். யாரைக் கூப்பிடுவது என்று அண்ணி முடிவு செய்கிறார். என்னைக் கேட்டால், அளவுப் பட்டியல் இல்லாவிட்டாலும் இந்த ஒரு ஃபார்முக்காகவே தளம் கட்டியிருப்பேன்.

கட்டி முடிக்க இரண்டு ஞாயிறு ஆனது. 28 முதல் 44 வரை மார்பளவு இடப்பக்கம். ஷோல்டர், ஆர்ம்ஹோல், முன்கழுத்து, பின்கழுத்து, கைச்சுற்று மேல் வரிசையில். அண்ணி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் தட்டினேன். 38க்கு வந்ததும் நிறுத்தி, "இதைக் கொஞ்சம் பெருசாப் போடு தம்பி" என்றார். டொமைன் புதுப்பிக்கும் தேதி இப்போது அவர் போனிலும் என் போனிலும் அலாரமாக இருக்கிறது. ஆன்லைன் வகுப்புக்குப் பணம் வாங்கும் நாள் வந்தால் வேர்ட்பிரஸ் பேச்சை அப்போது எடுப்போம்.