மீன் தொட்டிக்கு ஹைப்போ உப்பு: சென்னைத் தண்ணிக்கு இது போதுமா?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். சென்னையில் மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீரையோ லாரி தண்ணியையோ மீன் தொட்டிக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு, குளோரினை எடுக்க சோடியம் தயோசல்பேட் உப்பு போதும். கடைகளில் ஆன்டி குளோரின் கட்டி, ஹைப்போ என்றெல்லாம் சொல்வார்கள். பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் பிலிம் கழுவப் பயன்பட்ட அதே உப்புதான். கொளத்தூர் மீன் கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கும், பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் லேபிளோடு டப்பாவாகவும் வாங்கலாம். நான் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தேன், வேலையில் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும் என்பதால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். வெறுமனே "ஹைப்போ குடுங்க" என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிகளிலும் துப்புரவுப் பணியிலும் ஹைப்போ என்றால் சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது ப்ளீச்சிங் திரவம். அது குளோரினை எடுக்காது, குளோரினே அதுதான். ஒரு மூடி ஊற்றினால் தொட்டி முழுக்கப் போய்விடும். "தயோசல்பேட்" என்று முழுப் பெயர் சொல்லிக் கேளுங்கள், கட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள், திரவமாக எடுத்து நீட்டினால் லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். அப்புறம், இந்தக் கட்டிகள் பார்க்கக் கற்கண்டு போலவே இருக்கும், அதனால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சமையலறைப் பக்கமே வைக்க வேண்டாம்.

இது ஏன் தேவை என்பதற்கு வருகிறேன். புழல், கீழ்ப்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வந்தாலும், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்பினாலும், குழாய் வழியாக வீட்டுக்கு வரும் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தாக வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரக் குறியீடான ஐஎஸ் 10500 லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது, 1 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. நமக்கு அது பாதுகாப்பு. மீனுக்கு அப்படி இல்லை, 0.05 மில்லிகிராம் அளவே பல மீன்களின் செவுளை அரிக்க ஆரம்பித்துவிடும். நாம் குடிக்கும் தண்ணீர் வயிற்றுக்குப் போகிறது, மீனுக்கோ தண்ணீர் செவுள் வழியாக நேரே ரத்தத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. தண்ணீர் மாற்றிய கொஞ்ச நேரத்தில் கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

குளோரின் அளவும் ஒரே மாதிரி இருக்காது, அதுதான் சென்னையில் பெரிய சிக்கல். நீரேற்று நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதிகம் வரும், குழாயின் கடைசியில் இருப்பவர்களுக்குக் குறைவாக வரும், மழைக்காலத்தில் நோய் பரவாமல் இருக்கக் கூட்டிப் போடுவார்கள், லாரியில் அப்போதுதான் கலந்து அனுப்பியிருந்தால் மூக்கிலேயே தெரியும். எங்கள் குடியிருப்பில் சம்ப் கழுவினால் ப்ளீச்சிங் பவுடர் போடுகிறார்கள், போட்டோம் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்வதில்லை. எனக்கு இது உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம். வாட்ஸப் குரூப்பில் பார்க்கிங் பற்றி அத்தனை பேசுகிறோம், இதை ஒரு வரி போட்டால் என்ன?

சரி, அளவு. 100 கிராம் கட்டியை எடுத்து, கரைந்த பிறகு மொத்தம் 1 லிட்டர் வருகிற மாதிரி ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் உப்பு என்பது தாராளமான கணக்கு. அந்தக் கணக்கில் 20 லிட்டர் பக்கெட்டுக்கு இந்தக் கரைசல் 2 மில்லி போதும், தரக் குறியீடு அனுமதிக்கும் உச்ச அளவைவிட அதிகமாகவே இருந்தாலும் அடங்கிவிடும். லாரி தண்ணி என்றால், அல்லது குளோரின் வாடை அடித்தால், 4 மில்லி போடுவேன். ஊசி கழற்றிய சிரிஞ்சால் அளந்து விட்டு, கையால் ஒரு கலக்குக் கலக்கினால் ஓரிரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும், காத்திருக்கவே வேண்டாம். இரண்டு மடங்கு போய்விட்டாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் கணக்குப்படி 100 கிராம் உப்பு பத்தாயிரம் லிட்டர் தண்ணீருக்கு வரும். வீட்டில் ஒரு நடுத்தரத் தொட்டி வைத்திருப்பவருக்கு இது எத்தனை மாதத்துக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கேதான் குளோரினை எடுக்க என்று கடைகளில் விற்கும் சொட்டு பாட்டில்கள் மீது எனக்கு வருத்தம். எங்கள் பகுதியில் ஒரு கடையில் வாங்கிய நீல பாட்டிலில் உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம், எப்போது தயாரித்தது, எதுவுமே கிடையாது. "லிட்டருக்கு ரெண்டு சொட்டு சார்" என்றார் கடைக்காரர். குளோரின் இருக்கிறதா என்று காட்டும் "ஓடி" (OT) சோதனைத் திரவம் வைத்துப் பார்த்தேன், அவர் சொன்ன அளவு போட்ட பிறகும் தண்ணீர் மஞ்சளாகத்தான் மாறியது. அதாவது குளோரின் இன்னும் இருக்கிறது. ஓடி என்பது ஆர்த்தோடோலிடின், நீச்சல் குளக் கிட்டுகளிலும் குளோரோஸ்கோப் என்ற குளோரின் சோதனைப் பெட்டியிலும் வரும் திரவம், குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். மீன் வளர்ப்பவர்கள் ஒரு பாட்டில் வாங்கி வைப்பது நல்லது, ஆனால் சோதித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது, அந்தத் திரவம் விஷம், கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பக்கெட் தண்ணீரில் நான் கரைத்த தயோசல்பேட்டை விட்டுச் சோதித்தபோது நிறமே வரவில்லை.

சீகெம் கம்பெனியின் பிரைம் என்ற குளோரின் எடுக்கும் திரவத்தை வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான், அழுகிய முட்டை வாடை வரும், அது கெட்டுப்போனதால் அல்ல, அதன் இயல்பு. 200 லிட்டருக்கு 5 மில்லி என்பது பாட்டிலில் உள்ள அளவு, அவ்வளவு அடர்த்தி, அதனால் பாட்டில் விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தயோசல்பேட்டால் முடியாத ஒரு வேலைக்குத்தான் இது தேவை. தண்ணீரில் ஏற்கெனவே அம்மோனியா இருந்தால் (கழிவுநீர் கசிவு கலந்தால் அப்படி நடக்கும்) குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைன் ஆகிவிடும். தயோசல்பேட் அதில் உள்ள குளோரினை உடைக்கும், அம்மோனியாவை அப்படியே தண்ணீரில் விட்டுவிடும். போர் தண்ணி கலந்த சம்ப்பில் பிஎச் 8 பக்கம் இருந்தால், அதோடு நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால், அம்மோனியாவின் விஷம் இன்னும் ஏறும். பழைய தொட்டியில் பில்டர் ஸ்பாஞ்சில் பாக்டீரியா நன்றாக வளர்ந்திருக்கும், கொஞ்சம் அம்மோனியா வந்தால் அதுவே தின்றுவிடும். புதுத் தொட்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே புதிதாகத் தொட்டி வைத்தவர்களும் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத லாரி தண்ணியை நம்பியிருப்பவர்களும் பிரைம் ஒரு சின்ன பாட்டில் வைத்துக்கொள்ளட்டும். அது அம்மோனியாவைக் கட்டி வைப்பதும் ஓரிரு நாளுக்குத்தான், அதற்குள் பில்டர் அதைத் தீர்க்க வேண்டும்.

ஒன்றுமே வாங்காமல், வாய் அகலமான பக்கெட்டில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தாலும் குளோரின் பறந்துவிடும், வெயில் பட்டால் சீக்கிரம் போகும், ஏர் பம்ப் போட்டால் இன்னும் சீக்கிரம். குளோரமைன் அப்படிப் போகாது. மூடிய சின்டெக்ஸில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். டிரம்மில் பிடித்து நாள்கணக்கில் விட்டால் டெங்கு கொசு முட்டையிடும், ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் வேண்டாம், மீனுக்குத் தேவையான உப்புகள் அதில் இருக்காது.

தயோசல்பேட்டில் எனக்குள்ள இன்னொரு குறை அதை வைத்துக்கொள்வதில்தான். இந்தக் கட்டிகள் 48 டிகிரியில் உருகிவிடும், மே மாதத்தில் வண்டி டிக்கியிலோ மொட்டை மாடி அறையிலோ வைத்தால் டப்பாவுக்குள் கூழாகிக் கிடக்கும். கரைசலை நிறம் போட்ட பாட்டிலில், இருட்டான இடத்தில் வையுங்கள். பால் போல வெளுத்துக் கலங்கினால் கந்தகம் பிரிந்துவிட்டது என்று அர்த்தம், கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். ஒரே தடவை நிறையக் கரைத்து வைப்பதைவிட இரண்டு மூன்று மாதத்துக்கு ஆகிற அளவு கரைப்பதே நல்லது.

குளோரினை எடுத்தாகிவிட்டது என்பதற்காக மதியம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் சூடான தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். கோடையில் மீன் சாவதற்கு அதுவும் ஒரு காரணம், பழி குளோரின் மேல் விழுகிறது. காலையில் பிடியுங்கள், தொட்டித் தண்ணீரிலும் பக்கெட்டிலும் ஒரே நேரத்தில் கையை விட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்குக் கால் பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம். பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள், குளோரின் பட்டால் அதில் இருக்கும் பாக்டீரியா செத்துவிடும்.