ஃப்ரீடம் பார்க் போராட்டத்தில் வீட்டிலிருந்தே பேச ஜூம் சரிப்படுமா?

2021 உத்தரவுக்குப் பிறகு பெங்களூரில் போராட்டம் என்றால் பழைய ஜெயிலைப் பூங்காவாக்கிய ஃப்ரீடம் பார்க்தான். ஸ்ரீராமபுரத்தில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் சக்கர நாற்காலியோடு இருப்பவருக்கு அந்தப் பழைய ஜெயில் வாசலுக்கு வந்து சேருவதே ஒரு நாள் வேலை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறவருக்கும், கூட்ட இரைச்சல் தாங்காத ஆட்டிசம் உள்ளவருக்கும் அதே நிலைதான். அவர்களுக்கும் மேடையில் பங்கு உண்டு. பார்த்துக்கொண்டிருப்பது பங்கு ஆகாது, பேசவும் வழி வேண்டும். அந்த ஒரு கணக்கை வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

யூடியூப் லைவ் இதற்கு ஆகாது. சில நொடி தாமதத்தில் வருவதால் வீட்டில் இருப்பவர் கோஷம் போடும்போது அங்கே அடுத்த கோஷம் ஆரம்பித்திருக்கும். மொபைலில் லைவ் போக 50 சந்தாதாரர் வேண்டும். முதல் முறை லைவ் வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். கூகுள் மீட் இலவசக் கணக்கில் குழு அழைப்பு 60 நிமிடம், ஜூமில் 40 நிமிடம். இரண்டிலும் 100 பேர். நாற்பதாவது நிமிடத்தில் அறுந்தால், ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்துத் தேடி மறுபடி உள்ளே வருபவருக்கு ஐந்து நிமிடப் பேச்சு போய்விடும். நடத்துபவர் ஒருவர் மட்டும் கட்டணக் கணக்கு எடுத்தால் போதும், மற்றவர்கள் காசு கட்ட வேண்டாம்.

ஜூமை மேலே வைப்பதற்குக் காரணம் சைகை மொழிப் பெயர்ப்பாளருக்கென்று தனி ஜன்னல். அதைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், யார் பேசினாலும் அது நகராது. இணையதள அமைப்பில் முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும், கூட்டத்தின் நடுவில் தேடினால் கிடைக்காது. பெயர்ப்பாளர் இருவர் தேவை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறாவிட்டால் கையும் மூளையும் களைத்து வாக்கியங்கள் விடுபடும். சைகையில் பேசுபவர் விர்ச்சுவல் பேக்ரவுண்ட் (ஜூம் காட்டும் செயற்கைப் பின்னணி) போடக்கூடாது, விரல்கள் மறைந்துபோகும். வீடு தெரிய வேண்டாம் என்றால் பின்னால் ஒரு வெற்றுத் துணி கட்டுங்கள்.

பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்ட ஒருவரைத் தமிழில் தட்டச்சு செய்ய நியமிக்கலாம், ஜூமில் அதற்கு இடம் உண்டு. கூடவே கூகுளின் லைவ் டிரான்ஸ்க்ரைப் செயலியை இன்னொரு போனில் திறந்து தமிழையும் கன்னடத்தையும் இரு மொழிகளாக வையுங்கள். அது கேட்டதை எழுதுமே தவிர மொழிபெயர்க்காது. கன்னடப் பேச்சு கன்னட எழுத்தில்தான் வரும்.

பார்வையற்றவர்களுக்கு முதல் தொந்தரவு, பேச்சுக்கு மேல் பேச்சாக ஒவ்வொரு சாட் வரியையும் ஸ்கிரீன் ரீடர் வாசிப்பது. கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், அக்செசிபிலிட்டி போய் ஸ்கிரீன் ரீடர் அலர்ட் பட்டியலில் சாட்டை அணைக்கலாம். விண்டோஸில் கையுயர்த்த ஆல்ட்-ஒய், மைக்குக்கு ஆல்ட்-ஏ. போன் எண் வழியாகச் சேர்ந்தவருக்கு நட்சத்திரம் 9 கை, நட்சத்திரம் 6 மைக். தட்டச்சு செய்து குரலாக்கிப் பேசுபவர் ஷேர் ஸ்கிரீனில் கம்ப்யூட்டர் சவுண்டை மட்டும் பகிரட்டும், ஸ்பீக்கரில் ஒலித்து மைக்கில் பிடிக்க வேண்டாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் கெட்டுப்போகிற இடம் மைதானத்துச் சத்தம். போனை ஸ்டாண்டில் வைத்து மேடைப் பக்கம் திருப்பினால் பறையும் கோஷமும் ஜூமுக்கு இரைச்சலாகத்தான் தெரியும், நறுக்கிவிடும். லேப்டாப் வையுங்கள், ஒலியை நறுக்காமல் அப்படியே அனுப்பும் 'ஒரிஜினல் சவுண்ட்' போடுங்கள். மைக்செட்காரரிடம் முந்தின நாளே கேளுங்கள்: மிக்சரில் ஆக்ஸ் அவுட் (ஒலியை வெளியே தனியாக எடுக்கும் துளை) காலியா? அதிலிருந்து ஒயர், யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை லேப்டாப்புக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி), பிறகு லேப்டாப். நேராக லேப்டாப் மைக் துளையில் செருகினால் மிக்சர் தரும் ஒலி அளவை அது தாங்காது, எல்லாம் கரகரக்கும். லேப்டாப்பிலிருந்து வீட்டுக் குரல் மிக்சரின் வேறு சேனலுக்கு வர வேண்டும். அந்தச் சேனலின் ஒலி ஆக்ஸ் அவுட்டுக்கு எவ்வளவு போகும் என்பதை வைக்கும் ஆக்ஸ் குமிழ் மட்டும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பேசுபவருக்குத் தன் குரலே தாமதமாகத் திரும்பி வரும், யாருக்கும் நாக்கு குழறும். பெரும்பாலானோர் ஜூமைத் திட்டுவது இந்த ஒரு குமிழுக்காகத்தான்.

கூட்டம் சேர்ந்தால் டவர் திணறும், ஆகவே இரண்டு வேறு நெட்வொர்க் சிம் எடுத்துப்போங்கள். அப்லோட் வேகம் 1 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே இறங்கினால் வீடியோவை நிறுத்தி ஒலியை மட்டும் காப்பாற்றுங்கள்.

திரையையே பார்த்து உயர்ந்த கைகளைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும், வேறு வேலை அவருக்குக் கொடுக்காதீர்கள். பேச்சாளர் பட்டியலில் வீட்டிலிருந்து பேசுபவரை முதல் ஐந்துக்குள் போடுங்கள். நேரம் போதாமல் வெட்டப்படுவது எப்போதும் கடைசிப் பெயர்கள்தான்.