பழைய காரின் கதவைச் ‘சீல்’ பண்ணித் தருகிறேன் என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்

பழைய பியட், அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் 1984 பிரீமியர் பத்மினியின் (பழைய பியட்தான், பெயர் மாறியது) நான்கு கதவுகளுக்கும் நடந்ததைத்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிற கைகள் ஊரில் நிறைய உண்டு, ஒருவரைச் சொல்லி மற்றவரைத் தப்பவிட வேண்டாம்.

வண்டி அப்பா ஓட்டியது. போன வருஷம் டோர் பேடின், அதாவது கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டையின், அடிப்பக்கம் ஊற ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் ஹார்ட்போர்டு உப்பி, மேலே ரெக்ஸின் கொப்பளம் கட்டி, கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் துளையை விட்டு வெளியே வந்தன. தரைவிரிப்பில் ஈர நாய் வாடை. பழைய வண்டிகளைப் புதுப்பிப்பதாகச் சொல்லும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதலாளி கதவை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, “சார், கதவுக்குள்ள தண்ணி போகுது. சந்து பொந்து எல்லாத்தையும் அடைச்சுட்டா ஒரு சொட்டு இறங்காது” என்றார். நானும் தலையாட்டினேன். நான் ஏமாந்தது பில் கட்டியபோது இல்லை, அந்தத் தலையாட்டலில்தான்.

ஏனென்றால் கார் கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடி ஏறி இறங்குகிற இடத்தில் வெளிப்புறம் ஒரு ரப்பர் பீடிங் இருக்கும். அது புதிதாக இருந்தாலும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் உள்ளே வழியும். அது கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடிமடிப்பில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக ரோட்டில் சொட்டிவிட வேண்டும். கதவைச் செய்தவன் போட்ட கணக்கு அது. உள்தகட்டுக்கும் டோர் பேடுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளோ, மெழுகோ தாரோ பூசிய காகிதமோ ஒட்டியிருக்கும். தெறிக்கிற தண்ணீர் ஹார்ட்போர்டில் படாமல் தடுப்பது அதன் வேலை. அந்தத் தாளின் கீழ்விளிம்பைக் கதவின் வயிற்றுக்குள் மடித்துச் செருக வேண்டும். அப்போதுதான் தாளில் வழிகிற தண்ணீர் மறுபடி உள்ளேயே விழும். வெளியே தொங்கவிட்டால் நேராக டோர் பேடின் முதுகில்தான் இறங்கும். என் வண்டியில் அந்தத் தாள் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். அதை மாற்றினால் முடிந்திருக்கும்.

பட்டறையில் நான்கு நாள் இருந்தது. பில்லில் ஒரே வரி: டோர் சீலிங், 4 கதவு, 11,000 ரூபாய். என்ன பொருள், எவ்வளவு, எதுவும் இல்லை. பழைய தாளையும் கிளிப்பையும் கேட்டேன், குப்பைக்குப் போய்விட்டதாம். வண்டிக்குள் ஒரு வாரம் வினிகர் வாடை அடித்தது. புதுப் பொருள் வாடை என்று நினைத்துக்கொண்டேன். முதல் துப்பே அதுதான், எனக்குத்தான் மூக்கு வேலை செய்யவில்லை.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. அடுத்த வாரம் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘சளக்’ என்று ஒரு சத்தம். பின்சீட்டில் தண்ணீர் பாட்டில் உருளுகிறதோ என்று மனைவி தேடினாள். சத்தம் கதவுக்குள்ளிருந்து. போன் செய்தேன். “பழைய வண்டி சார், மழைக்கு அப்படித்தான் இருக்கும்” என்றார் முதலாளி. அடைத்தால் சொட்டு இறங்காது என்று சொன்னதும் இவர்தானே? ஆமாம், இறங்கவில்லை. வெளியேயும் போகவில்லை.

இரண்டு முறை அலைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தேன். டோர் பேடைக் கிளிப்பில் மாட்டாமல் சுற்றிலும் சிலிகானால் ஒட்டியிருந்தார்கள். இழுத்தபோது ஹார்ட்போர்டு பாதி கையோடு வந்தது, பாதி தகட்டிலேயே நின்றது. பின்னால் பார்த்தால் பிளாஸ்டிக் தாள் இல்லை, ப்ளெக்ஸ் பேனர்! யாருடைய மகளுக்கோ நடந்த பூப்புனித நீராட்டு விழா. தாய்மாமன் முகம் பாதியும், வெள்ளிக்கிழமை என்ற எழுத்தும் என்னைப் பார்த்தன. ப்ளெக்ஸ் தண்ணீர் விடாது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் விறைப்பான சரக்கு, தகட்டின் மேடுபள்ளத்துக்கு வளையாது. கீழ்விளிம்பை உள்ளே செருகாமல் பேக்கிங் டேப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அதைவிடக் கொடுமை, கதவின் அடி ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் சிலிகானைப் பிதுக்கி அடைத்திருந்தார்கள். ஒரு கம்பியால் குத்தினேன். துருத் தண்ணீர் டீ நிறத்தில் கொட்டியது, ஒரு செம்பாவது இருக்கும்.

வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். ஜன்னல் கண்ணாடிக்கும் பாத்ரூமுக்கும் சரி, வெறும் இரும்புத் தகட்டில் வைத்தால் அந்த இடத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகையும் கிடைக்கிறது. ஆனால் எந்தச் சிலிகானாக இருந்தாலும் மிச்சம் மீதி ஒட்டியிருந்தால் அதன்மேல் பெயின்ட் நிற்காது. அதைச் சுரண்டி எடுப்பதற்கே டிங்கர் அண்ணன் தனியாகக் கூலி கேட்டார். நியாயம்தான்.

ஏற்கெனவே அடிமடிப்பில் கொஞ்சம் துரு இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் தண்ணீர் தேங்கி நின்றதில் முன்கதவு இரண்டிலும் அடித்தகடு விரலால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு வந்துவிட்டது. இரண்டு அங்குலம் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங், பட்டி, பெயின்ட் என்று 23,000 ஆனது. மாற்றுக் கதவு கிடைக்குமா என்று பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையிலும் அலைந்தேன். உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேலான வண்டி, கிடைத்த கதவு என்னுடையதைவிட மோசம்.

தாள் வேலையை இந்த முறை நானே செய்தேன். கனமான பாலித்தீன் தாள், தகரக் கூரை ஒழுகலுக்குப் போடும் பியூட்டைல் டேப், இரண்டும் சேர்த்து ஆயிரத்துக்குள். பியூட்டைல் காய்ந்து இறுகாது, நாளைக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் வைண்டர் கெட்டால் தாளைக் கிழிக்காமல் உரிக்கலாம்.

உங்கள் வண்டியைக் கொடுக்கும் முன் பட்டறைக்காரரிடம், “கதவுக்குள்ள போற தண்ணி எந்த வழியா வெளிய வரும்?” என்று மட்டும் கேளுங்கள். அடி ஓட்டையைக் காட்டினால் கொடுக்கலாம். “தண்ணியே போகாது சார்” என்றால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். டோர் பேடை மூடும் முன் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் ஊற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கதவின் அடியில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பதினோராயிரத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை. வலது பின்கதவை நான் இன்னும் பிரிக்கவில்லை, அடி ஓட்டையை மட்டும் கம்பியால் குத்தித் திறந்துவிட்டேன். தாய்மாமனின் மீதி முகம் அதற்குள் இருக்கும் என்று நினைக்கிறேன்.