விண்ரரில மைலேஜ் விழுந்தால் உடனே பற்றரிக்குக் காசு குடுக்காதேங்கோ

கனடாவில ஸ்காபரோ பக்கம் குளிர் தொடங்கினாலே இந்த வேலை நடக்குது. இந்தமுறை அகப்பட்டது ஒரு 2012 பிரியஸ், பெற்றோலிலயும் பற்றரியிலயும் ஓடுற ரொயோட்டா ஹைபிரிட் கார். கோடையில 100 கிலோமீற்றருக்கு 4.8 லீற்றர் எடுத்த கார் 7.8 எடுக்குது, செக் எஞ்சின் லைற்றும் எரியுது எண்டு கராஜுக்குக் கொண்டுபோனால், "ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது" எண்ட பதில். அந்தப் பற்றரிக்குள்ள இருக்கிற 28 மொடியூலில (சின்னப் பற்றரித் துண்டுகளில) மூண்டை மாத்தி, ஆயிரம் டொலருக்கு மேல பில். அதில எரர் கோட், அதாவது காரின்ர கொம்பியூட்டர் பதியிற பழுது இலக்கம், ஒண்டும் எழுதேல்லை. காசு குடுத்த பிறகும் அதே 7.8.

மைனஸ் 7 பாகையில, ஊருக்குள்ள ஓடினால் சாதாரண காரின்ர மைலேஜ் 15 வீதமளவில விழும். ஹைபிரிட்டுக்கு 30 முதல் 34 வீதம். இது அமெரிக்க எரிசக்தித் துறையின்ர கணக்கு. ஹீற்றருக்குச் சூடு பெரும்பாலும் எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ற் திரவத்தில இருந்துதான் வருது. அது ஆறினால் சிக்னலில நிக்கேக்கையும் எஞ்சின் ஓஃப் ஆகாது.

இந்தக் காரில மிச்சக் குறைக்குக் காரணம் தெர்மோஸ்டற், கூலன்ற் ஓட்டத்தைத் திறந்து மூடுற வால்வு. 80 முதல் 84 பாகையில திறக்கவேண்டியது, திறந்தபடியே இறுகிக் கிடந்தது. ஹைவேயிலகூட கூலன்ற் 60ஐத் தாண்டேல்லை. கொம்பியூட்டரில இருந்த கோட் பி0128, கூலன்ற் போதியளவு சூடாகேல்லை எண்டு அர்த்தம். பற்றரிக்குரிய பி0ஏ80 இல்லவே இல்லை. சின்னச் சாமான், அதைத் தொடாமல் விட்டிட்டு நல்ல பற்றரியைப் பிரிச்சிருக்கினம். பழைய 25 மொடியூலோட வேற மூண்டைச் சேர்த்தால் கொள்ளளவு ஒத்துப்போகாது, நல்லாயிருந்த பற்றரியும் கெதியாப் பழுதாகும்.

பற்றரி எண்டு சொன்னால் கோட்டை பிரிண்ட் எடுத்துத் தரச்சொல்லுங்கோ. இரண்டு மொடியூல் சேர்ந்தது ஒரு புளொக், அந்த 14 புளொக்கின்ர வோல்ற்றேஜையும் கார் ஓட்டத்தில காட்டச்சொல்லுங்கோ. அக்சிலரேற்றரை அழுத்தேக்க ஒரே புளொக் திரும்பத்திரும்ப மற்றதுகளைவிட இறங்கினால்தான் சந்தேகப்படலாம். "எங்களுக்குப் பாத்தாலே தெரியும்" எண்டால் திறப்பை வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ.

ரயர் காற்றைக் கார் ஓட முன்னம் பாருங்கோ, ஒவ்வொரு 5.5 பாகைக்கும் 1 பிஎஸ்ஐ இறங்கும், ஒக்ரோபரில அடிச்சது ஜனவரிக்குக் காணாது. எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கிற புளொக் ஹீற்றரை ரைமரில போட்டு வெளிக்கிட இரண்டு மணித்தியாலம் முன்னம் ஓன் பண்ணினால் காணும், இரவு முழுக்கத் தேவையில்லை. குளிர் காத்து எஞ்சினுக்குப் போறதைக் குறைக்க, முன் கீழ் கிறில்லில பைப் ஃபோம் செருகலாம், ஆனால் முழுக்க அடைக்கக் கூடாது. கூலன்ற் வெப்பநிலையை ஓபிடி மீற்றரில (காரின்ர கொம்பியூட்டரோட இணைக்கிற மீற்றர்) பாத்துக்கொண்டு ஓடவேணும், வெளியில 10 பாகைக்கு மேல போனால் ஃபோமைக் கழட்டவேணும். எஞ்சின் ஒயில் 0டபிள்யூ-20 ரகம்.

கனடாவில 2020 மொடலில இருந்து ரொயோட்டா ஹைபிரிட் பற்றரிக்கு 10 வருஷம் அல்லது 240,000 கிலோமீற்றர் வாறண்டி இருக்கு, எது முந்தி வருதோ அதுவரைக்கும். வாறண்டி இருக்குமட்டும் அந்தக் கார்களைப் பற்றரிக்கெண்டு வெளிக் கராஜுக்குக் கொண்டுபோகவே தேவையில்லை.